பசுத்தோல் போர்த்திய தபால் வேன்: மோரிஸ் மைனரில் சூப்பர்சார்ஜர் ஏற்றுவது எப்படி

மோரிஸ் மைனர் வேன் 1953இல் பிரிட்டனில் வந்தது, எழுபதுகளின் தொடக்கத்தில் நின்றது. சிவப்புப் பெயின்ட் அடித்துத் தபால் துறை ஆயிரக்கணக்கில் ஓட்டிய வண்டி இது. தொடக்கத்தில் 803 சி.சி., பிறகு 948, 1962 முதல் 1098. கடைசியாகச் சொன்னதே 48 குதிரைத்திறன்தான். இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சத்தமில்லாமல் வேகம் ஏற்ற நினைப்பவருக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது.

பலர் இதில் டொயோட்டா, ஃபோர்டு எஞ்சின்களை ஏற்றுகிறார்கள். வேகம் கிடைக்கும்தான், ஆனால் பேனட்டைத் திறந்ததுமே குட்டு வெளிப்பட்டுவிடும். எஞ்சின் மைனரின் சொந்தக் குடும்பமான ஏ-சீரிஸாகவே இருந்தால் பாதி மறைப்பு அங்கேயே முடிந்துவிடும். 1275 சி.சி. எஞ்சினும் வெளியே பார்க்க 1098இன் அண்ணன்தான். அதன்மேல், எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரை வைத்து, அதற்கு முன்னால் ஒற்றை எஸ்.யூ. கார்ப்பரேட்டரை மாட்டினால் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) அழுத்தத்தில் 90 குதிரைத்திறனை ஒட்டி எதிர்பார்க்கலாம். இது பேராசைக் கணக்கு அல்ல. இதே 1275ஐ வைத்து எம்.ஜி. மெட்ரோ டர்போ எண்பதுகளில் தொழிற்சாலையிலிருந்தே 93 குதிரைத்திறனோடு வந்தது.

எஞ்சினை எங்கே எடுப்பது

எம்.ஜி. மிட்ஜெட் 1275 கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். அது நீளவாக்கில் உட்காரும் எஞ்சின், மைனரில் அப்படியே இறங்கும். மோரிஸ் மரீனா, ஐடல் 1.3 எஞ்சின்கள் மலிவு. ஆனால் முன்தகடு, ஆயில் சம்ப், அதற்குள் இருக்கும் உறிஞ்சு குழாய், பின்தகடு ஆகியவற்றை மைனருக்கும் நீங்கள் போடும் கியர் பாக்ஸுக்கும் பொருந்துமாறு மாற்ற வேண்டும். சம்பை மட்டும் மாற்றிவிட்டு உறிஞ்சு குழாயை மறந்தால் முதல் வளைவிலேயே ஆயில் பிரஷர் விழும். மினியில் இருந்து எடுக்கும் குறுக்குவாட்டு எஞ்சினைத் திருப்பிப் போடும் வேலை, நேரம் மிச்சம் உள்ளவர்களுக்கு.

கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, வாய்ச்சொல்லை நம்பிப் போடாதீர்கள், அளந்து பாருங்கள். 70.6 மி.மீ. துளை, 81.3 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் ஒரு சிலிண்டருக்கு 318 சி.சி. சற்று மேலே வரும். 8.3க்கு 1 வேண்டுமென்றால் 318ஐ 7.3ஆல் வகுங்கள்: பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 43.6 சி.சி. இருக்க வேண்டும். ஹெட்டின் குழி, கேஸ்கட்டின் கனம், பிஸ்டன் பிளாக்கின் மேல்விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது, பிஸ்டன் தலையின் பள்ளம் ஆகிய நான்கையும் கூட்டினால் அந்த அளவு வர வேண்டும். ஹெட் குழியைக் கண்ணாடித் தகடு மூடி, பியூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டு அளக்கலாம். குறைவது எவ்வளவோ அதைப் பிஸ்டன் பள்ளத்தில் எடுங்கள். ஹெட்டைக் குடைந்து எடுக்காதீர்கள். 5 பி.எஸ்.ஐ. போதும் என்பவர் மிட்ஜெட்டின் 8.8ஐ அப்படியே விடலாம்.

ஹெட்டில் கவனிக்க வேண்டிய இடம் நடு எக்ஸாஸ்ட் போர்ட். 2, 3 ஆகிய இரு சிலிண்டர்களும் அந்த ஒரே வாயில் கக்குவதால் வெப்பம் அங்கேதான் குவியும், வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் விழுவதும் அங்கேதான். வாங்கும் முன் விரிசல் சோதனை செய்யுங்கள். ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான இருக்கைகளையும் நல்ல ஸ்டீல் எக்ஸாஸ்ட் வால்வுகளையும் போடுங்கள். கேஸ்கட் பி.கே.450 வகை. ஸ்டட்கள் புதியவை, 50 பவுண்டு-அடி, மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். ரேஸ் கேம்ஷாஃப்ட் வேண்டாம். இரு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடினால், காசு கொடுத்து அமுக்கிய காற்று எக்ஸாஸ்ட் வழியே போய்விடும்.

சூப்பர்சார்ஜரும் புல்லிக் கணக்கும்

எம்45 ஒரு சுற்றுக்கு 737 சி.சி. காற்றைத் தள்ளும். 2002இல் வந்த முதல் தலைமுறை பி.எம்.டபிள்யூ. மினி கூப்பர் எஸ் வண்டிகளில் இருந்து பழையதாகக் கிடைக்கிறது. அந்த யூனிட்டின் பின்பக்கம் தண்ணீர் பம்பைச் சுற்றும் பற்சக்கரப் பெட்டி ஒன்று உண்டு. முன்பக்கத்துக்கு ஓர் ஆயில், பின்பக்கத்துக்குத் தனி ஆயில். பழைய யூனிட்களில் பின்னது வற்றிப் போயிருப்பது வழக்கம். வாங்கும்போது புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்ற வேண்டும், கரகரப்போ ஆட்டமோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் பம்ப் பக்கத்தைக் கழற்றித் தகடு போட்டு மூடுங்கள். சூப்பர்சார்ஜர் ஆயிலைத் தவிர வேறெதையும் அதில் ஊற்றக் கூடாது.

புல்லி அளவைப் பிறரிடம் கேட்டு வைப்பதைவிடக் கணக்குப் போடுவது எளிது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்றுக்குப் பாதிக் கொள்ளளவை, அதாவது 637 சி.சி.யை இழுக்கும். உண்மையில் 85 சதவீதம்தான் நிரம்பும் என்று வைத்தால் 541. கிராங்க் ஒரு சுற்றுக்கு சூப்பர்சார்ஜர் 1.3 சுற்று சுற்றினால் 958 சி.சி. அதில் கால்பங்கு ரோட்டர் இடுக்கில் கசிந்தால் மிச்சம் 720. 720ஐ 541ஆல் வகுத்தால் 1.33 வரும். அமுக்கும்போது காற்று சூடாகி விரிவதால் கேஜில் 7 பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காட்டும். எனவே 1.3இல் தொடங்குங்கள். கேஜ் சொல்வதே தீர்ப்பு.

கிராங்கில் 117 மி.மீ., சூப்பர்சார்ஜரில் 90 மி.மீ. வைத்தால் அந்த 1.3 வரும். சின்னப் புல்லிகளிலும் இதே விகிதம் கிடைக்கும், ஆனால் பெல்ட் பிடிக்காது. 6 பள்ளம் உள்ள பெல்ட்டுக்கு 21 மி.மீ. அகலம் வேண்டும். ரேடியேட்டருக்கும் கிராங்க் புல்லிக்கும் நடுவே அந்த இடம் கிடைக்க, எஞ்சினோடு சுற்றும் விசிறியைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் கிரில்லுக்குப் பின்னே மெல்லிய மின்விசிறி வையுங்கள். வெளியில் இருந்து தெரியாது. இரு புல்லிகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பதை இரும்பு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அரை மி.மீ.க்கு மேல் விலகினால் பெல்ட் ஓரம் நார் நாராகப் பிய்யும்.

மேனிஃபோல்டில் மாட்டும் தவறு

ஏ-சீரிஸில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒரே ஸ்டட்களில். ஒரு கனத்த வாஷர் பாதி இதையும் பாதி அதையும் அழுத்தும். நீங்கள் புதிதாகச் செய்யும் இன்லெட் ஃபிளேஞ்சின் கனம் எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்சோடு ஒத்துப்போகாவிட்டால் வாஷர் சாய்ந்து ஒன்றை மட்டும் பிடிக்கும், மற்றது கசியும். இரண்டையும் சேர்த்துத் தட்டையான தகட்டில் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மில்லிங் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு, ஏன் பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் தரும் அழுத்தம், ஏறவில்லை என்று மாதக்கணக்கில் கார்ப்பரேட்டரைத் திருகுபவர்கள் அநேகம்.

சூப்பர்சார்ஜரின் எடையை மேனிஃபோல்டில் தொங்க விடக் கூடாது. 8 மி.மீ. இரும்புத் தகட்டில் பிராக்கெட் வெட்டி ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். மேனிஃபோல்ட் ஹெட்டை நோக்கிச் சரிந்தே இருக்க வேண்டும். கார்ப்பரேட்டர் முன்னால் இருப்பதால் ரோட்டர் வழியே போவது ஈரக்கலவை. பள்ளமான இடம் இருந்தால் பெட்ரோல் அங்கே தேங்கும், குளிர்நாளில் ஒரு பேக்ஃபயர் போதும், ரோட்டரின் மேல்பூச்சு உரிந்துவிடும். அதற்காகவே 12 பி.எஸ்.ஐ.யில் திறக்கும் ஸ்பிரிங் வால்வு ஒன்றை மேனிஃபோல்டில் வையுங்கள். இது விருப்பத்துக்கு விட்ட பொருள் அல்ல.

பிரேக் சர்வோ போட்டால் அதன் வாக்குவம் குழாயை ஒருவழி வால்வோடு மேனிஃபோல்டில் இணைக்கலாம். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயை அங்கே இணைக்கவே கூடாது. பூஸ்ட் சம்புக்குள் புகுந்து ஆயிலை எல்லாச் சீல் வழியாகவும் வெளியே தள்ளும். பிரீதர் கார்ப்பரேட்டரின் பக்கம்தான் போக வேண்டும்.

பேனட் மூடுமா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். எலுமிச்சம்பழ அளவில் நாலைந்து களிமண் உருண்டை பிடித்து, சூப்பர்சார்ஜரின் முதுகிலும் கார்ப்பரேட்டரின் தொப்பியிலும் ஒட்டி, பேனட்டை மெதுவாக இறக்கித் திரும்பத் திறங்கள். நசுங்கிய உருண்டையைக் கத்தியால் குறுக்கே வெட்டி அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். 20 மி.மீ. இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது எஞ்சின் ரப்பர் மவுண்டில் சாயும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெட்ரோலும் பொறியும்

கார்ப்பரேட்டர் எஸ்.யூ. எச்.ஐ.எஃப்.44. அதன் பட்டர்ஃபிளை தகட்டில் சிறு ஸ்பிரிங் வால்வு இருந்தால் சாதாத் தகடாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஐடில் நிலையாக நிற்காது. மஞ்சள் ஸ்பிரிங்கில் தொடங்கி, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியை, வண்டியை உருளைகள்மேல் ஓட்டிச் சோதிக்கும் ரோலிங் ரோட்டில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.8ஐ ஒட்டி இருக்க வேண்டும், 12.5க்கு மேல் போனால் காலை எடுங்கள். புகையிலிருந்து அந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் லாம்டா கருவி இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

பெட்ரோல் பம்ப் போதுமா என்று பார்க்க, கார்ப்பரேட்டரில் குழாயைக் கழற்றி ஜாடிக்குள் விடுங்கள். ஒரு லிட்டர் ஒன்றரை நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். நிறையாவிட்டால் 3 பி.எஸ்.ஐ.க்கு மிகாத மின்பம்ப் போடுங்கள். பிரிட்டனில் 2021 முதல் சாதாப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களை எல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டு, அதிக ஆக்டேன் பெட்ரோலையே ஊற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் பழையதே இருக்கட்டும், பாயின்டுக்குப் பதில் மூடிக்குள் எலெக்ட்ரானிக் யூனிட்டை ஒளித்து வைக்கலாம். பெரும்பாலான யூனிட்களுக்கு வண்டி நெகட்டிவ் எர்த் ஆக, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்ததாக, இருக்க வேண்டும், மைனர் பிறப்பால் பாசிட்டிவ். டைனமோ உறைக்குள்ளேயே ஆல்டர்னேட்டர் வைத்து விற்கிறார்கள். இந்த வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான மறைப்பு இல்லை. பிளக் ஒரு படி குளிர்ந்தது, என்.ஜி.கே. பி.பி.7.இ.எஸ்., இடைவெளி 0.6 மி.மீ. பூஸ்ட் இல்லாத 1275க்கு, பொறி முன்கூட்டி விழும் கோணமான முழு அட்வான்ஸ் 32 டிகிரி என்றால் 7 பி.எஸ்.ஐ.க்கு 25இல் நிறுத்துங்கள்.

முதல் ஓட்டத்தில் மூன்றாம் கியரில் நீண்ட மேட்டில் 2500இலிருந்து 5000 வரை ஒரே இழுப்பு, உடனே எஞ்சினை நிறுத்தி நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான்மேல் உப்புத்தூள் போல மின்னும் வெள்ளிப் பொட்டுகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் உள்ளே தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். டைமிங்கை 3 டிகிரி பின்னுக்குத் தள்ளி, கலவையையும் சோதித்த பிறகே மறுபடி ஓட்டுங்கள். பூஸ்ட் 4000 வரை ஏறி அதற்குமேல் விழுந்தால் குற்றவாளி பெல்ட். ஆக்சிலரேட்டரை விட்டதும் நீலப்புகை வந்தால் சூப்பர்சார்ஜரின் முன்சீல் ஆயிலை உறிஞ்சுகிறது.

பின்பக்கமும் நிறுத்தலும்

மைனரின் கியர் பாக்ஸ் இந்த முறுக்குவிசையில் நீண்ட நாள் தாங்காது. ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பெட்டியை மாட்ட பெல்ஹவுசிங் கிட் கிடைக்கிறது, 0.82 ஓவர்டிரைவ் நெடுஞ்சாலையில் காதுக்கு நிம்மதி. பின்னச்சில் மிட்ஜெட்டின் 3.9 விகித டிஃபரென்ஷியல் நேராக உட்காரும். லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு குதிப்பதைத் தடுக்கும் கம்பிகளைப் போடுங்கள்.

பிரேக்கை முதலில் முடித்துவிட்டு எஞ்சினுக்கு வாருங்கள் என்பதே எங்கள் கட்சி. முன்னால் டிஸ்க் கட்டாயம். பழைய ஸ்டீல் வீல் உள்ளே டிஸ்க் அடங்குகிறதா என்று பார்த்து வாங்கினால் ஹப்கேப் மூடி வெளியே ஒன்றும் தெரியாது. மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில் சேசிஸுக்குள் ஒளிந்திருக்கிறது. அதை மாற்ற வேண்டியிருந்தால் தரை விரிப்பு திறந்திருக்கும் போதே செய்துவிடுங்கள்.

சத்தத்தை மறைப்பதுதான் கடைசிக் கலை. ரோட்டரின் ஊளை காற்று உள்ளே போகும் வாயிலிருந்துதான் வரும். பழைய வட்ட ஏர் ஃபில்டர் டப்பாவைக் குடைந்து உள்ளே புதிய ஃபில்டரை வைத்தால் தோற்றமும் பழையது, ஊளையும் பாதி. வேனின் பின்பெட்டி வெற்றுத் தகரம், மத்தளம் போல அதிரும். பக்கத் தகடுகளில் அதிர்வை அடக்கும் தார் அட்டையை ஒட்டுங்கள். இரண்டு சைலன்சர் வையுங்கள், கடைசி ஓர் அடிக்கு மட்டும் பழைய அளவிலான மெல்லிய வால்குழாயை மேலே செருகிவிடலாம். உள்ளே போகும் உண்மைக் குழாயை அதற்குள் முடித்துக் குறுக்கிவிடக் கூடாது. பூஸ்ட் கேஜை டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள தட்டின் உள்மூலையில் வையுங்கள்.

மறைப்பு வழிப்போக்கர்களுக்கு மட்டும்தான். பிரிட்டனில் எஞ்சின் எண்ணும் சி.சி.யும் மாறினால் பதிவுச் சான்றில் திருத்த வேண்டும், சூப்பர்சார்ஜரை இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்தன்று கையை விரிப்பார்கள்.

முதல் 500 மைலில் ஹெட் நட்டுகளையும் பிராக்கெட் போல்ட்களையும் குளிர்ந்த எஞ்சினில் மறுபடி முறுக்கிப் பாருங்கள். பெல்ட் புதிதில் நீளும், நூறு மைலுக்கு ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். அதே அளவு பெல்ட் ஒன்றும் 13 மி.மீ. ஸ்பேனரும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.