ஃபிலிம் ஸ்கேன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய எக்ஸ்போஷர் தவறுகள்

லீனியர் ஸ்கேன் கோப்பை, அதாவது சென்சார் தந்த எண்களை மாற்றாமல் வைத்திருக்கும் கோப்பைத் திறந்தால் ஸ்லைடு (நேர்ப்படமாகவே இருக்கும் பாசிட்டிவ் ஃபிலிம்) கும்மிருட்டாகத் தெரியும். உடனே எக்ஸ்போஷரை ஏற்றிவிடுகிறார்கள் பலர். சிசிடி சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது: ஒளி இரு மடங்கானால் எண்ணும் இரு மடங்கு. கண்ணின் கணக்கு வேறு. உச்ச ஒளியில் 18 சதவீதம் இருந்தாலே ஏறத்தாழ பாதி வெளிச்சமாக நமக்குப் படும். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் காமா வளைவு. அதைப் போடாத கோப்பு இருட்டாகத்தான் இருக்கும். கண்ணை நம்பி எக்ஸ்போஷரை ஏற்றினால் வெளிச்சமான பகுதிகள் நிரம்பி வழிந்துவிடும், அப்புறம் எந்த மென்பொருளாலும் அவற்றை மீட்க முடியாது.

சரி, எதை வைத்து முடிவு செய்வது? ஃபிலிமில் அதிக ஒளியை விடும் இடத்தை வைத்து. நெகட்டிவில் அது படம் பதியாத ஓரம். ஹிஸ்டோகிராமில் (இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடத்தில்) அது வலது விளிம்பை ஒட்டி, ஆனால் தொடாமல் நிற்கட்டும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கலர் நெகட்டிவின் ஆரஞ்சு அடித்தளம் நீல ஒளியை விழுங்குவதால் நீலச் சேனல் மட்டும் பட்டினி கிடக்கும். நிக்கான் கூல்ஸ்கேன் போன்ற கருவிகளில் அனலாக் கெயினை, அதாவது ஸ்கேன் செய்யும்போதே போடும் எக்ஸ்போஷரை, நிறம்வாரியாக மாற்றலாம். ஸ்கேன் முடிந்தபின் பிரைட்னஸை இழுப்பது இதற்கு ஈடாகாது. நாய்ஸும் (படத்தில் தாறுமாறாகத் தெரியும் புள்ளிகளும்) சேர்ந்தே பெருகும்.

லீனியர் தரவை 8 பிட்டில் சேமிப்பதும் வேண்டாம். ஒளி இரு மடங்காகும் இடைவெளியே ஒரு ஸ்டாப்; 256 படிகளில் மேல் ஸ்டாப் ஒன்றே 128-ஐ எடுத்துக்கொள்ளும், அடுத்தது 64-ஐ. ஸ்லைடில் அடர்த்தி (ஃபிலிம் ஒளியைத் தடுக்கும் அளவு, மடக்கைக் கணக்கில்) 2.4 உள்ள நிழல், விழும் ஒளியில் சுமார் 250-இல் ஒரு பங்கைத்தான் விடும். அதற்கு மிஞ்சுவது ஒரே ஒரு படி. 16 பிட்டில் அதே நிழலுக்குச் சுமார் 260 படிகள்.

அதற்காக '16 பிட், அடர்த்தி 4.8' என்ற விளம்பர வரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். 65,536-இன் மடக்கை 4.8, அவ்வளவுதான். சென்சாரின் நாய்ஸ் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஒரே வரியை 16 முறை படித்துச் சராசரி எடுத்தால் தற்செயலான நாய்ஸ் நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் ஸ்கேன் நேரம் நீளும், எல்லாப் படத்துக்கும் அது தேவையும் இல்லை.

இன்னொன்று, நாய்ஸை எங்கே தேடுவது என்பது. ஸ்லைடில் அது நிழல்களில் இருக்கும். நெகட்டிவில் வெளிச்சமும் இருட்டும் தலைகீழ் என்பதால் அடர்ந்து கிடப்பவை வானமும் வெள்ளைச் சட்டையும்தான். அங்கே நிழலை நோண்டிக்கொண்டிருக்காமல், முதலில் வானத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.