பழைய வீட்டுக்கு அலாரம்: எங்கே வயர், எங்கே வயர்லெஸ்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் 1960களில் கட்டிய வீட்டில் என் சித்தி குடியிருக்கிறார். அங்கே அலாரம் போட்ட அனுபவத்தை வைத்து, முதல் தடவை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாமே வயரா, எல்லாமே வயர்லெஸா என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் ஏற்கும் பேனல் (எல்லா சென்சார்களின் சிக்னலும் வந்து சேரும் அலாரப் பெட்டி) வாங்கினால் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்கலாம்.

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். டர்பன் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். தென்னாப்பிரிக்கா 2008இல் அதைத் தடை செய்தது. ஏற்கெனவே போட்ட கூரைகள் அப்படியே நிற்கின்றன. அதில் துளை போட்டால் கிளம்பும் தூசி நுரையீரலுக்கு எமன். கூரையோ சீலிங்கோ ஆஸ்பெஸ்டாஸ் என்ற சந்தேகம் வந்தாலே டிரில்லை எடுக்காதீர்கள். அந்த அறைக்கு வயர்லெஸ் போதும்.

சரி, வயர்லெஸ் அங்கே வேலை செய்யுமா? திருகு போடுவதற்கு முன் சென்சாரை டேப்பால் ஒட்டி, கதவு, கேட் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பத்துத் தடவை சோதியுங்கள். பத்தும் பேனலுக்கு வந்து சேர வேண்டும். சித்தி வீட்டுப் பின்வாசல் இரும்புக் கேட்டில் ஒட்டியபோது ஆறுதான் வந்தது. இரும்பு ரேடியோ அலையைக் கெடுத்துவிடும். ஒரு சாண் தள்ளி மரச் சட்டத்தில் ஒட்டியதும் பத்தும் வந்தது. தகரச் சுவர் வீடுகளில் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள்.

சீலிங் மரமாகவோ ஜிப்சம் பலகையாகவோ இருந்தால் நடைவழி, ஹால், சைரன் மூன்றுக்கும் வயர் இழுத்துவிடுங்கள். அந்த சென்சார்களுக்குள் பேட்டரி மாற்றும் வேலையே இல்லை. நடமாட்ட சென்சாருக்கு நான்கு இழை வயர்: இரண்டு 12 வோல்ட் மின்சாரத்துக்கு, இரண்டு சிக்னலுக்கு. கதவு திறந்தால் காட்டும் மேக்னட் சென்சாருக்கு இரண்டு இழை போதும். வீட்டு மின்சார வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். புதியவர்கள் தவறுவது ரெசிஸ்டரில்தான் (சிக்னல் வயரில் சேர்க்கும் சின்ன மின்தடை). அதைப் பேனலுக்குள் போடுவது சுலபம், ஆனால் தப்பு. சென்சாருக்குள் போட்டால்தான், யாராவது நடுவில் வயரைச் சுரண்டி இரண்டு இழையையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்தாலும் பேனலுக்குத் தெரியும். எத்தனை ஓம் என்பது பேனல் கையேட்டில் இருக்கும்.

நடமாட்ட சென்சார் அசையும் வெப்பத்தைக் கவனிப்பது. சாமி விளக்குக்கு நேராகவோ வெயில் விழும் ஜன்னலைப் பார்த்தோ வைக்காதீர்கள். சித்தி வீட்டில் விளக்குச் சுடர் காற்றில் ஆட, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சைரன் அலறியது.

அப்புறம் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு. வயர் சென்சார்கள், சைரன் எல்லாம் பேனலின் 12 வோல்ட் பேட்டரியைத்தான் நம்பியிருக்கின்றன. அடிக்கடி மின்வெட்டு வந்தால் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் சைரனை ஓடவிடுங்கள். சத்தம் இறங்கினால் பேட்டரியை மாற்றுங்கள். வயர்லெஸ் சென்சார்களின் மூடிக்குள் பேட்டரி போட்ட தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள்.