தராசு முள் நகரவில்லை என்று நடையை நிறுத்தாதீர்கள்

என் மைத்துனர் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அவருக்குக் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2, அதாவது நடுத்தர அளவு என்று வந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். விடியற்காலையில் எழுந்து ஒன்றரை மாதம் ஒருநாள் விடாமல் நடந்தார். நடந்து முடித்ததும் நேரே மண்டிக்குப் போய், மாங்காய் நிறுக்கும் தராசிலேயே ஏறி நிற்பார். தொடங்கிய நாளில் 84 கிலோ. ஒன்றரை மாதம் கழித்து 83 கிலோவும் சொச்சமும். “இவ்வளவு நடந்தும் ஒரு கிலோ கூட இறங்கவில்லையே மாமா” என்று சொல்லி அத்தோடு விட்டுவிட்டார்.

கல்லீரல் கொழுப்பு உள்ளவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பலன் கிடைக்கத் தொடங்கும் நேரத்தில், பலனே இல்லை என்று நிறுத்திவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரை கிலோ இருக்கும். அதில் நூற்றுக்கு 15 பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொண்டால் 225 கிராம். ஒழுங்கான நடையால் அதில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தால் 75 கிராம். ஒரு பெங்களூரா மாங்காயின் எடை கூட வராது. எந்தத் தராசு இதைக் காட்டும்? ஆனால் கல்லீரலுக்கு அது பெரிய விடுதலை. உடல் எடை அவ்வளவாகக் குறையாதவர்களிடமும் உடற்பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறைவதை எம்.ஆர்.ஐ. அளவீடுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன.

இது எப்படி நடக்கிறது? சாப்பாட்டிலிருந்து இரத்தத்துக்கு வரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். உட்கார்ந்தே கிடக்கும் உடலில் தசை இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. வாங்க ஆளில்லாத சரக்கு கிடங்கில் தேங்குவதுபோல, மிஞ்சும் சர்க்கரை கல்லீரலுக்குப் போய்க் கொழுப்பாக மாறுகிறது. நடக்கும்போது தசை இன்சுலினுக்குக் காத்திராமல் தானே கதவைத் திறந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள்வரை அந்தக் கதவு நன்றாகத் திறந்து மூடும். அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் பத்துக் கிலோமீட்டர் நடந்துவிட்டு மற்ற ஆறு நாளும் கடையில் உட்கார்ந்திருப்பது பெரிதாக உதவாததற்குக் காரணம் இதுதான். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவான அளவு. அதை ஐந்து நாளாகப் பிரித்து, நாளுக்கு அரை மணி நேரம் நடப்பது நல்லது. தொடர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடை என்று சொல்லும்போது வேகத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கே.ஆர்.பி. அணைப் பக்கம் நண்பர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு மெல்ல உலாவுவது மனதுக்கு நல்லது, கல்லீரலுக்குப் போதாது. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. மூச்சு அந்த அளவுக்கு ஏறினால் வேகம் சரி.

“நான் நாள் முழுக்க வேலை செய்துகொண்டேதானே இருக்கிறேன்” என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஓசூர் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்பவர்களும் இதையே சொல்கிறார்கள். களைப்பு உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிற்பதால் வரும் களைப்பும் மூச்சு வாங்கும் உழைப்பும் ஒன்றல்ல. மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டுகிறவருக்குத் தனியாக நடை தேவையில்லாமல் இருக்கலாம். மற்றவர்களுக்குத் தேவை. தர்மபுரிப் பக்கம் இன்னொரு நம்பிக்கை: நாங்கள் ராகிக் களி சாப்பிட்டு வளர்ந்த உடம்பு, எங்களுக்கு இதெல்லாம் வராது என்பது. களி நல்ல உணவுதான். ஆனால் அதைத் தின்ற நம் தாத்தா அடுத்து ஏர் பூட்டப் போனார். நாம் பைக்கில் ஏறுகிறோம்.

ஒல்லியானவர்களுக்கு வராது என்பதும் தவறு. நம் மக்களுக்குக் கையும் காலும் மெலிந்திருந்து வயிறு மட்டும் முன்னே வருவது சாதாரணம். தராசைவிட அளவு நாடா உண்மை சொல்லும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்கவேண்டும்.

வயிற்றுக்கான பயிற்சியை மட்டும் செய்தால் கல்லீரல் கொழுப்பு கரையும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி ஓரிடத்தைக் குறிவைத்துக் கரைக்க வழியில்லை. பெரிய தசைகளான தொடை, இடுப்பு, முதுகு ஆகியவற்றுக்கு வேலை கொடுங்கள். மூட்டுவலியால் அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு இது முக்கியம்: தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது போன்றவற்றில் மூட்டு தாங்குவதை வாரம் இரண்டு மூன்று முறை செய்தால் போதும்.

எடையே முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அதிக எடை உள்ளவர்கள் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தால் கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்குகிறது. 7 முதல் 10 பங்கு குறைத்தால் கல்லீரலின் அழற்சியும், பலரிடம் அதனால் கல்லீரலில் விழுந்த தழும்பும் கூடக் குறைகின்றன. ஆனால் அவசரம் ஆகாது. பட்டினி கிடந்து வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோ இறக்கினால் கல்லீரல் மேலும் கெட வாய்ப்புண்டு. வாரம் அரைக் கிலோ, அதிகம் போனால் ஒரு கிலோ போதும். 2024இல் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்தைத் தழும்பு ஏற்பட்ட கல்லீரல் கொழுப்பு நோய்க்கு அனுமதித்தபோதும், உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்தே அதை எடுக்கவேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

நடந்த களைப்புக்கு ஒரு டம்ளர் மாம்பழச் சாறு குடிப்பது எங்கள் ஊரில் வைகாசி, ஆனியில் வழக்கம். சர்க்கரை சேர்த்த சாற்றில் உள்ள ஃபுரக்டோஸ் என்ற சர்க்கரை வகையை நேராக வாங்கிக்கொள்வது கல்லீரல்தான். பழத்தை இரண்டு துண்டு கடித்துத் தின்னுங்கள், சாறு வேண்டாம். மதுவோடு எந்தச் சமரசமும் வேண்டாம். உடம்பு ஏற்றுவதற்காகச் சிலர் விற்கும் பெயர் தெரியாத மாத்திரை, பொடிகளைத் தொடாதீர்கள். அவற்றில் கலந்திருக்கக்கூடிய ஸ்டீராய்டு கல்லீரலையே தாக்கும்.

நெஞ்சுவலி, நடந்தால் மூச்சுத்திணறல் உள்ளவர்களும், இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும். கல்லீரல் சுருக்கம் வரை போனவர்கள் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கக்கூடாது. உணவுக்குழாயில் புடைத்திருக்கும் இரத்தக் குழாய்கள் வெடிக்கும் ஆபத்து உண்டு.

மைத்துனர் மறுபடி தொடங்கியபோது இன்னொரு சிக்கல் வந்தது. பரிசோதனைக்கு முந்தைய நாள் ஆள் வராததால் இரண்டு லோடு மாங்காய்க் கூடைகளைத் தாமே இறக்கியிருக்கிறார். மறுநாள் இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பை அறியப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் முன்பைவிடக் கூடியிருந்தன. நடந்ததால்தான் கெட்டுவிட்டது என்று பயந்துபோனார். அந்த நொதிகள் தசையிலும் உண்டு. பழக்கமில்லாத கடும் உழைப்புக்குப் பிறகு தசையிலிருந்து கசிந்து சில நாள்வரை இரத்தத்தில் கூடுதலாகத் தெரியும். ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார் மருத்துவர். எடுத்தபோது இரண்டும் முதலில் இருந்ததைவிடக் கீழே வந்திருந்தன. தராசில் அன்றும் 83 கிலோதான். பெல்ட்டில் மட்டும் ஒரு துளை உள்ளே போயிருந்தது.