அரசியல் நிகழ்ச்சி திடீரென நின்றுபோனால் மலையக நேயர் செய்ய வேண்டியவை

நேயர்கள் தொலைபேசியில் கலந்துகொள்ளும் அரசியல் நிகழ்ச்சியொன்று அறிவிப்பின்றி நின்றுபோனால், "மேலிடத்து அழுத்தம்" என்று பேசிவிட்டு ஓய்ந்துவிடுவதே நம்மிடையே வழக்கம். ஆனால், அரச வானொலி தன் கல்வி நிகழ்ச்சியொன்றை இடைநடுவே நிறுத்தியபோது, அதில் பங்கேற்றுவந்த நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதாக இலங்கை உயர் நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்திருக்கிறது.

முதலில், அலைவரிசை, திகதி, நேரம், அறிவிப்பாளர் கடைசியாகச் சொன்னது ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். மலைகளுக்கிடையில் அலைவரிசை தானாகவே அறுந்துபோவதுண்டு என்பதால், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள உறவினரிடமும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நிறுத்தியது யார் என்பதைப் பாருங்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனு நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிரானது. தனியார் நிலையமென்றால் அதன் பின்னால் அரசின் கை இருந்ததைக் காட்ட வேண்டும். இது எளிதல்ல. தனியார் வானொலிகளின் அனுமதிப்பத்திரம் 1966ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின்படி அமைச்சரிடமிருந்து வருவதால், அழுத்தம் கொடுக்க எழுத்தில் கட்டளை எதுவும் தேவைப்படுவதில்லை. 2007 ஒக்டோபரில், பொய்ச் செய்தி ஒலிபரப்பியதாகக் கூறி, சூரியன் எஃப்.எம். உள்ளிட்ட ஒரே குழும வானொலிகளின் அனுமதி இரத்துச் செய்யப்பட்டதை எந்த நிலைய உரிமையாளரும் மறந்திருக்க மாட்டார்.

ஆகவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வெகுசன ஊடகத்துக்குப் பொறுப்பான அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "அழுத்தம் கொடுத்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரு வரிதான் வரும்; அதற்குப் பதிலாக, குறித்த இரு திகதிகளுக்கிடையில் அந்த நிலையத்துக்கு அனுப்பிய கடிதங்கள், மின்னஞ்சல்கள், கூட்டக் குறிப்புகள், அனுமதிப்பத்திர நிபந்தனைகள் ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள்.

இந்த விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல 14 வேலை நாட்கள் வரை ஆகலாம். அடிப்படை உரிமை மனுவுக்கு இருப்பதோ ஒரே மாதம். பதிலுக்காகக் காத்திருந்து அந்த மாதத்தை இழந்துவிடாதீர்கள். மாதம் முடியுமுன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அல்லது பதுளைப் பிரதேச அலுவலகத்தில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த மாதத்தில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்ததற்குச் சான்று வேண்டுமென நீதிமன்றம் கேட்டதுண்டு. எனவே பற்றுச்சீட்டோடு நின்றுவிடாமல், விசாரணைக்கு அழைக்கும் கடிதத்தையும் கேட்டுப் பெற்று, இரண்டையும் சட்டத்தரணியிடம் கொண்டுசெல்லுங்கள்.