டர்பனில் வாடகை கார் எடுக்கும் முன்: டயருக்கும் எக்ஸஸுக்கும் என்ன இன்சூரன்ஸ் கவர்?

போன டிசம்பரில் தூத்துக்குடியிலிருந்து அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கிங் ஷாகா ஏர்போர்ட்டில் வாடகை கார் கவுண்ட்டரில் நின்றபோது அண்ணனுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. "எல்லாத்துக்கும் கவர் இருக்கா?" என்று கேட்டார். "சூப்பர் கவர் சார்" என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாலாம் நாள் டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போகும் வழியில், விண்டர்டன் தாண்டி, மழைத்தண்ணீர் நிறைந்த குழியில் முன்சக்கரம் இறங்கியது. டயர் கிழிந்து ரிம்மும் வளைந்துவிட்டது. காரைத் திருப்பிக் கொடுத்தபோது 6,300 ரேண்ட் கார்டில் பிடித்துவிட்டார்கள். அவர் எடுத்த கவரில் டயரும் ரிம்மும் சேரவில்லை. ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் அது எழுதியிருந்தது. அண்ணி பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அது. 11 வருஷமாக இங்கேயே இருக்கும் நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊருக்கும் இங்கேயும் உள்ள வித்தியாசம். இந்தியாவில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. பெட்ரோல் விலையோடு சேர்த்து வாங்கும் வரியிலிருந்து சாலை விபத்து நிதி என்று ஒன்று நடக்கிறது. அது மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான். காருக்கு அதில் ஒரு காசும் வராது. உங்களை இடித்தவர் கையில் இன்சூரன்ஸே இல்லாமல் இருக்கலாம். ஆகவே வாடகை காருக்கு நீங்கள் எடுக்கும் கவரைத்தான் நம்ப வேண்டும்.

கவுண்ட்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எக்ஸஸ் எவ்வளவு?" என்பது. சேதத்தில் உங்கள் கையிலிருந்து போகும் பங்குக்கு அதுதான் பெயர். எக்ஸஸ் 20,000 ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000 ரேண்டுக்குச் சேதமானால் 20,000 உங்களுடையது. 15,000 ரேண்டுக்குச் சேதமானால் முழுவதும் உங்களுடையதே. தினசரிக் கட்டணம் கூடக்கூட எக்ஸஸ் குறையும். அப்படிக் கூடுதல் கட்டணத்தில் எக்ஸஸைக் குறைத்துத் தருவதுதான் சூப்பர் கவர்.

எக்ஸஸை மட்டும் ஈடுகட்டும் பாலிசியை வெளியே தனியாக வாங்கவும் வழி உண்டு. பெரும்பாலும் விலை குறைவுதான். ஆனால் கார் கம்பெனி முதலில் உங்கள் கார்டில் பணத்தை எடுத்துவிடும். பில், போலீஸ் பதிவு எண் எல்லாம் அனுப்பிப் பிறகுதான் நீங்கள் திரும்ப வாங்க வேண்டும். குடும்பத்தோடு வருகிறவர்கள் கம்பெனியின் சூப்பர் கவரையே எடுத்து, கண்ணாடிக்கும் டயருக்கும் உள்ள தனிக் கவரையும் சேர்த்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். பயணத்தின் நடுவில் கார்டு லிமிட் முடங்கிப்போனால் ஹோட்டலுக்கே தவிப்பு வந்துவிடும். டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் கிரெடிட் கார்டுதான் கேட்பார்கள், அதுவும் ஓட்டுபவர் பெயரில்.

எதெல்லாம் சேராது என்ற பகுதியை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, ஒரு டீ குடித்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். காரின் அடிப்பாகம், தண்ணீர் புகுந்த சேதம், டீசல் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றியது, இவையெல்லாம் பொதுவாகச் சேராது. மண் ரோட்டில் போகலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் எந்தக் கவரும் செல்லாது. "கொஞ்ச நேரம் நான் ஓட்டுறேன் மச்சான்" என்று சொல்லக்கூடிய ஆள் உங்களோடு வந்தால் அவர் பெயரையும் அன்றே எழுதச் சொல்லுங்கள். பக்கத்து நாடுகளான லெசோத்தோ, எஸ்வாட்டினி எல்லையைத் தாண்ட கம்பெனியின் அனுமதிக் கடிதம் வேண்டும். லெசோத்தோவுக்குப் போகும் மலைப்பாதையான சானி பாஸ் ஏற 4x4 வண்டிதான். சின்னக் காரில் முயல வேண்டாம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா, ஹ்லுஹ்லுவே வனவிலங்குப் பூங்கா பக்கம் போகிறவர்களிடம் "இருட்டினா ரோட்டுல மாடு படுத்திருக்கும்" என்று தவறாமல் சொல்வார். இதில் இன்சூரன்ஸ் விஷயமும் இருக்கிறது. வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துக்குச் சில ஒப்பந்தங்களில் எக்ஸஸ் கூடுதல். மாட்டில் மோதினாலும் குழியில் விழுந்தாலும் அந்தக் கணக்கில் வரலாம். அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

சிக்னலை இங்கே ரோபோட் என்பார்கள். அங்கே கார் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்குவது நடக்கிறது. கண்ணாடிக்குக் கவர் இருந்தாலும் பைக்கு இல்லை. அதற்கு ஊரில் எடுத்த பயண இன்சூரன்ஸைப் பார்க்க வேண்டும்.

இடித்துவிட்டால் முதலில் ஆட்கள் பத்திரமா என்று பாருங்கள். போலீஸுக்கு 10111, செல்போனில் 112-உம் போகும். எதிர் வண்டியின் எண், ஓட்டுநர் பெயர், படங்கள் எடுத்துக்கொண்டு, கம்பெனிக்கு உடனே போன் செய்யுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் பதிவுசெய்து எண்ணை வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் கவரைத் தரமாட்டார்கள்.

கார் எடுக்கும்போது நாலு பக்கமும், நாலு ரிம்மும், கண்ணாடியும், ஸ்டெப்னியும் வீடியோவில் வரட்டும். ஒவ்வொரு கீறலையும் அவர்கள் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடாமல், ஒரு ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை காத்திருங்கள். விமானத்துக்காக வழக்கமாகக் கிளம்பும் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினால் இதற்கு நேரம் கிடைக்கும்.