"மாமா, இன்னும் சான்ஸ் இருக்கா?"

கிரிக்கெட் உலகக் கோப்பை நடக்கும் மாதங்களில் என் தங்கை மகன் கூப்பிட்டால் நலம் விசாரிக்க இல்லை. நம் அணி அடுத்த சுற்றுக்குப் போக இன்னும் வழி இருக்கிறதா என்ற அந்த ஒரு கேள்விக்காகத்தான். பதினெட்டு வருடம் கிளப் மேட்ச்சுகளுக்கு ஸ்கோர் எழுதியவன் நான் என்பதால் பதில் என் சட்டைப் பையிலேயே இருக்கும் என்று நினைக்கிறான். போன தடவை அவனையே உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோடு போட்ட நோட்டு, பென்சில், ரப்பர், போனில் இருக்கும் கால்குலேட்டர், இவ்வளவு போதும்.

முதலில் புள்ளிப் பட்டியலைத் தொடாதீர்கள். அந்தப் போட்டியின் விதிமுறையை எடுத்து, இரண்டு அணிகள் சம புள்ளியில் நின்றால் என்ன செய்வார்கள் என்ற பத்தியைப் படியுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அதை வரிசையாக எழுதிவையுங்கள். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். 2019 உலகக் கோப்பையில் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் ஆளுக்கு 11 புள்ளி. வெற்றிகளும் ஆளுக்கு ஐந்து. இருவரும் மோதிய நேரடி மேட்ச்சில் ஜெயித்தது பாகிஸ்தான். "அப்புறம் எப்படி நியூசிலாந்து அரையிறுதிக்குப் போகும்?" என்று அன்று சண்டை போட்டவர்கள் நிறைய. விதியில் வெற்றிகளுக்கு அடுத்து இருந்தது நெட் ரன் ரேட், அதாவது ஓவருக்கு நாம் அடித்த ரன்னுக்கும் விட்டுக்கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம். நேரடி மேட்ச் அதற்கும் பின்னால். நியூசிலாந்துக்கு +0.175, பாகிஸ்தானுக்கு −0.430. அதோடு கதை முடிந்தது.

முந்தைய சுற்றின் புள்ளிகள் அடுத்த சுற்றுக்கு வருமா என்பதையும் அங்கேயே பாருங்கள். 1999 உலகக் கோப்பையில் சூப்பர் சிக்ஸ் என்ற இரண்டாம் சுற்றுக்குள் இந்தியா நுழைந்தபோது கையில் பூஜ்யம். கூடவே தேறிய அணிகளிடம் எடுத்த புள்ளிதான் கூட வரும்; அப்படித் தேறிய ஜிம்பாப்வேயிடமும் தென்னாப்பிரிக்காவிடமும் தோற்றிருந்ததால் கொண்டுபோக ஒன்றும் இல்லை. அதே போட்டியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் அரையிறுதியில் 213க்கு 213 என்று டை ஆக, சூப்பர் சிக்ஸ் பட்டியலில் மேலே இருந்த ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. அன்று வெறும் வரிசைக்காக ஆடியதுபோலத் தெரிந்த ஒரு சுற்று கடைசியில் எவ்வளவு விலை பெற்றது பாருங்கள்.

சரி, இப்போது மீதி மேட்ச்சுகள். உங்கள் அணியுடையது மட்டும் இல்லை, அந்தப் பிரிவில் யாருக்கு யாருடன் மிச்சம் இருந்தாலும் எழுதுங்கள். நான்கு மேட்ச் மிச்சம் என்றால், ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் ஜெயிப்பார் என்று வைத்து 16 வரி. சோம்பல்படாமல் 16 வரியையும் போட்டு, எதில் நம் அணி உள்ளே, எதில் வெளியே, எதில் ரன் ரேட் தீர்மானிக்கும் என்று ஓரத்தில் குறியுங்கள். முதல் இரண்டு வகையை அடித்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் நான்கைந்து வரிதான். வேலை எல்லாம் அந்த நான்கைந்தில்.

மழைக்கும் ஒரு பத்தி விடுங்கள். என் தங்கை மகன் இதை விட்டுவிட்டான், பெரும்பாலோர் விடுவார்கள். 1992 உலகக் கோப்பையில், அடிலெய்டில் இங்கிலாந்து பாகிஸ்தானை 74 ரன்னில் சுருட்டியது. மழை வந்து ஆட்டம் நின்று ஆளுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. லீக் முடிவில் பாகிஸ்தான் 9, ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் 8. கடைசியில் கோப்பையைத் தூக்கியதும் அதே பாகிஸ்தான்தான். 2022 மகளிர் உலகக் கோப்பையில் வெஸ்ட் இண்டீஸ் 7 புள்ளியோடு அரையிறுதிக்குப் போக, இந்தியா 6இல் நின்றது. அந்த ஒற்றைப் புள்ளி தென்னாப்பிரிக்கா மேட்ச் மழையில் போனதால் வெஸ்ட் இண்டீஸுக்குக் கிடைத்தது. 2024 டி20 உலகக் கோப்பையில் அமெரிக்கா-அயர்லாந்து மேட்ச் நனைந்ததும் பாகிஸ்தான் மூட்டை கட்டியது. அதற்கு ஒரு மேட்ச் இன்னும் பாக்கி இருந்தது. மழையில் போன மேட்ச் ரன் ரேட் கணக்கில் சேராது, புள்ளியில் மட்டும் சேரும். இதை எங்காவது பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள்.

இனி நெட் ரன் ரேட். போட்டி முழுக்க நாம் அடித்த ரன்னை ஆடிய ஓவரால் வகுக்க வேண்டும். விட்டுக்கொடுத்த ரன்னை, வீசிய ஓவரால் வகுக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நெட் ரன் ரேட். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டக் கூடாது; மொத்த ரன், மொத்த ஓவர் என்றுதான் எடுக்க வேண்டும். இரண்டு பொறிகள் உண்டு. ஆல் அவுட் ஆன அணி 44 ஓவரில் சுருண்டாலும் 50 ஓவர் ஆடியதாகத்தான் கணக்கு. அடுத்தது, 37.1 ஓவர் என்பது 37 ஓவரும் ஒரு பந்தும். கால்குலேட்டருக்கு அது 37.1667.

இரண்டாவது பொறியில் நானே விழுந்திருக்கிறேன். ஸ்கோர் எழுத ஆரம்பித்த இரண்டாம் வருடம், ஒரு கிளப் போட்டியில் 48.4 என்பதை அப்படியே 48.4 என்று தட்டி, எங்கள் அணி அரையிறுதிக்குப் போய்விட்டது என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன். பையன்கள் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்கள். பத்து நிமிடம் கழித்து எதிரணி ஸ்கோரர் வந்து, "சார், நாலு பந்துன்னா ஆறில் நாலு" என்றார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அவமானப்படுத்தியது இல்லை. அன்றிலிருந்து நோட்டின் அட்டையிலேயே எழுதிவைத்திருக்கிறேன்: 1 பந்து .167, 2 பந்து .333, 3 பந்து .5, 4 பந்து .667, 5 பந்து .833.

ஒரு நிஜக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இது கையில் வரும். 2023 ஆசியக் கோப்பை, லாகூர், செப்டம்பர் 5. இலங்கை 50 ஓவரில் 291. ஆப்கானிஸ்தான் வெறுமனே ஜெயித்தால் போதாது, ரன் ரேட்டில் இலங்கையைத் தாண்ட வேண்டும். அதற்கு 37.1 ஓவருக்குள் 292 எடுக்க வேண்டும் என்பதுதான் எல்லோரும் சொன்ன எண்.

ஆப்கானிஸ்தான் விட்டுக்கொடுத்தது: வங்கதேசத்துக்கு 334, இலங்கைக்கு 291. மொத்தம் 625, நூறு ஓவர், ஆக 6.25. அடித்தது: வங்கதேசத்துடன் 245. அது 44.3 ஓவரில் ஆல் அவுட், ஆனால் 50 என்று எழுத வேண்டும். அதோடு 37.1 ஓவரில் 292 சேர்த்தால் 87.1667 ஓவரில் 537, அதாவது 6.161. கழித்தால் −0.089. இலங்கைப் பக்கம்: அடித்தது வங்கதேசத்துடன் 39 ஓவரில் 165ம் இந்த 291ம், 89 ஓவரில் 456, அதாவது 5.124. கொடுத்தது வங்கதேசத்தின் 164, அதுவும் ஆல் அவுட் என்பதால் 50 ஓவர், கூட இந்த 292. வேடிக்கையாக அதுவும் 456தான், ஆனால் 87.1667 ஓவரில், 5.231. கழித்தால் −0.108. ஆப்கானிஸ்தான் மயிரிழையில் மேலே. 292ஐ ஒரு பந்து தள்ளி 37.2இல் எடுத்தால் இலங்கை மேலே. எண் சரிதான்.

ஆனால் அது ஒரே எண் இல்லை. 291இலோ அதற்கு முன்போ நிற்கும்போது ஒரு பவுண்டரியோ சிக்ஸரோ அடித்தால் 292ஐத் தாண்டிப் போவீர்கள். அந்த அதிக ரன்னுக்குக் கூடுதல் பந்து கிடைக்கும். போட்டுப் பாருங்கள்: 293 என்றால் 37.2 வரை, 294க்கு 37.3, 295க்கு 37.5, 296க்கு 38 ஓவர், 297க்கு 38.1. இதில் ஐந்தே நிமிட வேலை இருக்கிறது.

அன்று 37.1இல் ஆப்கானிஸ்தான் 289, ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். எதிர்முனையில் ரஷீத் கான் 27 நாட் அவுட். உள்ளே வந்த ஃபரூக்கி இரண்டு பந்தைத் தடுத்து ஆடி, 37.4இல் அவுட். அந்த முதல் பந்தில் ஒரு பவுண்டரி போனாலே 293, தேறியிருப்பார்கள். இல்லை, ஒரு சிங்கிள் தட்டி ரஷீதை அந்தப் பக்கம் கொண்டுவந்து அவர் பவுண்டரி அடித்திருந்தால் 37.3இல் 294, அப்போதும் தேறியிருப்பார்கள். மூன்றில் எந்தப் பந்தில் சிக்ஸர் போயிருந்தாலும் போதும். இந்தக் கணக்கு தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று அவர்களுடைய பயிற்சியாளர் ஜோனதன் டிராட் பிறகு சொன்னார். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது, அது என் அணிகூட இல்லை. அதனால் எப்போதும் இலக்கை மட்டும் எழுதாதீர்கள். இலக்குக்கு மேல் ஐந்து ரன் வரை ஒவ்வொன்றுக்கும் கடைசிப் பந்து எது என்று ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள்.

நம் அணி முதலில் ஆடினால் ஒன்று, இரண்டாவது ஆடினால் ஒன்று என்று இரண்டு கணக்கும் டாஸுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். 2023 உலகக் கோப்பையில் பாகிஸ்தானின் கடைசி லீக் மேட்ச், ஈடன் கார்டனில் இங்கிலாந்துடன். அரையிறுதிக்குப் போக, முதலில் ஆடினால் 287 ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். கஷ்டம், ஆனாலும் காகிதத்தில் இருந்தது. டாஸ் ஜெயித்த இங்கிலாந்து பேட்டிங் எடுத்து 337 அடித்தது. இப்போது 338ஐ 6.4 ஓவரில் துரத்த வேண்டும். 40 பந்து. எல்லாமே சிக்ஸர் என்றாலும் 240. அந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மேட்ச்சை ரசிக்கலாம்.

கோப்பை வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்பது தனிக் கேள்வி, அதற்குச் சதவீதம் வேண்டும். எதிரணியோடு சமீபத்தில் ஆடியது, ஆடுகளம், யார் காயத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்து ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஒரு எண் வையுங்கள். ஐந்தின் மடங்காக வைத்தால் போதும். 63 என்றெல்லாம் எழுதுவது நம்மையே ஏமாற்றிக்கொள்வது. யாருக்கும் நான் 70க்கு மேல் கொடுப்பதில்லை. நம் அணிக்கு ஒவ்வொன்றிலும் 60 என்று வைப்போம். மீதி மூன்று லீக் மேட்ச்சில் குறைந்தது இரண்டு ஜெயிக்க வேண்டும். மூன்றும் ஜெயிப்பது .6 × .6 × .6, .216. சரியாக இரண்டு மட்டும் ஜெயிப்பது மூன்று விதம், .432. கூட்டினால் .648. அதன்மேல் அரையிறுதி, இறுதி இரண்டும் .6 × .6. எல்லாம் சேர்த்துப் பெருக்கினால் .233. எந்த எதிரணியை விடவும் பலமாக இருக்கும் அணிக்கே நான்கில் ஒன்றுகூட இல்லை. "என்ன மாமா, இவ்வளவுதானா?" என்று தங்கை மகன் முகம் தொங்கிப்போனது. 2023 உலகக் கோப்பையில் தொடர்ந்து பத்து ஜெயித்த இந்தியா பதினோராவதான இறுதியில் தோற்றதையும், அந்தப் பதினோராவதை ஜெயித்த ஆஸ்திரேலியா முதல் இரண்டையும் தோற்றே ஆரம்பித்ததையும் நினைவுபடுத்தினேன். அவன் சமாதானம் ஆகவில்லை.

மேட்ச் நடுவில் மழை வந்து டக்வொர்த் லூயிஸ் (இப்போது டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன்) பட்டியலை, அதாவது ஆட்டம் அங்கேயே நின்றால் எவ்வளவு ரன் இருக்க வேண்டும் என்று சொல்லும் தாளைக் கையில் எடுத்தால், அதில் இருக்கும் எண் ஜெயிக்கும் எண் இல்லை, டை ஆகும் எண். 2003 உலகக் கோப்பை, டர்பன். இலங்கைக்கு எதிராக 45 ஓவரில் 229 என்று பட்டியல் சொன்னதை வெற்றி என்று தென்னாப்பிரிக்கா எடுத்துக்கொண்டது. முரளிதரனை சிக்ஸர் அடித்து அதை எட்டிய மார்க் பவுச்சர், கடைசிப் பந்தைப் பத்திரமாகத் தடுத்தார். மழை நிற்கவில்லை, மேட்ச் டை, போட்டியை நடத்திய நாடே வெளியே. ஒரு ரன். நான் அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு எண்ணோடும் ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டு, பட்டியலை மடித்து வைத்துவிடுவேன்.