கோஆர்டினேட்டரைத் தனியாக அழைத்து வராதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நவம்பர் கடைசி வந்தால் போதும், தோற்ற அணிகளில் முதலில் உருளும் தலை அஃபென்சிவ் கோஆர்டினேட்டருடையது. பந்து தன் அணியிடம் இருக்கும்போது என்ன ஆடுவது என்று திட்டம் போட்டு, பெரும்பாலும் ஆட்டத்தில் ஒவ்வொரு பிளேயையும் (ஒரு முறை பந்து கிளம்பியதும் யார் என்ன செய்வது என்ற திட்டம்) அழைப்பவர் அவர்தான். ஹெட் கோச்சை அனுப்பினால் ஒப்பந்தத் தொகையைக் கட்டியே பல்கலைக்கழகம் களைத்துவிடும். இவரை அனுப்புவது மலிவு. சரி, அனுப்பியாயிற்று. அடுத்தவரை எப்படி எடுப்பது?

சின்னக் கல்லூரி அணிகளில் ஆட்ட வீடியோவை வெட்டி அலசும் வேலை பார்த்தவன் நான். முதல் முறையாக ஹெட் கோச் நாற்காலியில் உட்காருகிறவர்கள் இந்த இடத்தில் செய்வதைப் பார்த்தால், நாங்கள் அன்று அடித்த அதே கூத்துதான். பழைய இடத்தில் விசாரியுங்கள், பேசியதை எழுத்தில் வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

சராசரிப் புள்ளியைப் பார்த்து வாய் பிளப்பது

வேகமாக ஆடும் அணிக்குப் பந்து கூடுதல் முறை கைக்கு வரும், புள்ளியும் ஏறும். எதிரணிக்கும் அதே கணக்குதான். ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பார்க்காமல், பந்து கிடைத்த ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு என்று பாருங்கள். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் முதன்மைக் குவார்ட்டர்பேக் காயப்பட்டு உட்கார்ந்த வாரங்களில் அந்த ஆள் என்ன செய்தார் என்று அப்புறம் பாருங்கள்.

என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) பெயருக்கு மயங்குவது

சீசன் நடக்கும்போது கல்லூரி வீரனிடம் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கேட்க கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இடம் தராது. இதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு எழுதிய தடித்த ப்ளேபுக் அந்த நேரத்துக்குள் அடங்காது. மைதானமும் வேறு. பந்தை எங்கே வைத்து பிளேயைத் தொடங்கலாம் என்பதற்கு எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். அதனால் கல்லூரி ஆட்டத்தில் ஒரு பக்கம் விரிந்த வெளி கிடைத்துக்கொண்டே இருக்கும். அதைப் பயன்படுத்தப் பழகாதவர் பாதி ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுத்தான் வருகிறார்.

உடனே எல்.எஸ்.யு.வின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 2019 சீசனைக் காட்டுவார்கள். என்.எஃப்.எல். அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து ஜோ பிரேடி வந்தார், குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 60 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் வீச்சு) வீசினார், அணி 15-0 (வெற்றி-தோல்வி). உண்மைதான். ஆனால் அங்கே கோஆர்டினேட்டர் பதவியில் இருந்தவர் பல காலம் கல்லூரி ஆட்டத்திலேயே ஊறிய ஸ்டீவ் என்ஸ்மிங்கர். பிரேடி பொறுப்பேற்றது பாஸிங் பகுதிக்கு. என்ஸ்மிங்கர் பெயர் கீழே இன்னொரு முறை வரும்.

புதியவரைப் பழைய உதவியாளர்கள் நடுவே தனியாக விடுவது

இதை நினைத்தாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

ஆபர்ன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 டிசம்பரில் ஹெட் கோச் டாமி டப்பர்வில், ட்ராய் பல்கலைக்கழகத்திலிருந்து டோனி ஃபிராங்க்ளினை அழைத்து வந்தார். ஃபிராங்க்ளினுடையது ஸ்ப்ரெட் முறை: கூடிப் பேசாமல் வேகமாக ஆடுவது, மைதானத்தை அகல விரிப்பது. ஆபர்னோ காலம்காலமாக இடித்துத் தள்ளி ஓடிய அணி. ஆள் வந்தார், முறை வந்தது. லைன் கோச் (முன்வரிசையில் எதிரணியை மறிப்பவர்களுக்கு), ரிசீவர் கோச் (வீசிய பந்தைப் பிடிப்பவர்களுக்கு) என்று மற்றவர்கள் எல்லாம் பழையவர்களே. டிசம்பர் 31 அன்று சீசன் இறுதியில் ஆடும் பௌல் ஆட்டத்தில் கிளெம்சனை 23-20 என்று கூடுதல் நேரத்தில் ஜெயித்தும்விட்டார்கள். அந்த வெற்றிதான் எல்லோரையும் தூங்க வைத்தது என்பது என் கணிப்பு.

2008 செப்டம்பரில் மிசிசிப்பி ஸ்டேட்டை ஆபர்ன் வென்ற ஸ்கோர் 3-2. பேஸ்பால் இல்லை, ஃபுட்பால்தான். அக்டோபரில் வாண்டர்பில்ட்டிடம் 14-13 என்று தோற்ற கையோடு, அணி 4-2 என்று இருக்கும்போதே ஃபிராங்க்ளினை அனுப்பிவிட்டார்கள். அணி 5-7 என்று முடிந்தது. கடைசி ஆட்டத்தில் அலபாமாவிடம் 36-0. டப்பர்வில்லும் போனார். நடுவில் பிளே அழைக்கும் பொறுப்பை ஏற்ற உதவியாளர் யார் தெரியுமா? அதே என்ஸ்மிங்கர். அந்த உதவியாளர்கள் திறமை இல்லாதவர்கள் அல்ல. அவர்களே நம்பாத ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்படி அவர்களிடம் சொல்லப்பட்டது, அவ்வளவுதான்.

கோஆர்டினேட்டர் வீரர்களுக்கு நேரடியாகப் பாடம் எடுப்பது கொஞ்ச நேரம்தான். கால் எங்கே வைப்பது, எத்தனை எட்டில் திரும்புவது என்று சொல்லித்தருவது அந்தந்த பொசிஷன் கோச். அங்கே பாடம் மாறினால் பலகையில் வரைந்ததற்கும் களத்தில் நடப்பதற்கும் சம்பந்தமே இருக்காது.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். புதிய கோஆர்டினேட்டர் ஆர்.பி.ஓ. என்ற முறையைக் கொண்டுவந்தார். லைனில் நிற்பவர்கள் ஓட்டத்துக்கு வழிவிட எதிரணியை மறித்து பிளாக் செய்வார்கள். எதிரணியில் ஒருவனை மட்டும் பார்த்து, பந்தைக் கொடுப்பதா வீசுவதா என்று குவார்ட்டர்பேக் அந்த நொடியில் முடிவெடுப்பான். இதில் ஒரு விதி உண்டு: பந்து முன்னே வீசப்படும்போது லைன் ஆட்கள் பிளே தொடங்கிய கோட்டைத் தாண்டி 3 யார்டுக்கு மேல் போயிருக்கக் கூடாது. பழைய லைன் கோச் ஆண்டுக்கணக்காகச் சொல்லித்தந்ததோ, “இடிச்சுட்டு நிக்காதே, லைன்பேக்கரைத் தேடிப் போ.” லைன்பேக்கர் நிற்பது எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால். வீடியோவை நிறுத்திப் பார்த்தால் வலது கார்டு (லைன் ஆட்களில் ஒருவன்) நாலு யார்டு தாண்டி நிற்கிறான், பந்து இன்னும் குவார்ட்டர்பேக் கையில். நடுவரின் கொடி விழுந்தது, தண்டனையாக 5 யார்டு பின்னே. பந்து தாமதம் என்றார் லைன் கோச். பையன் அவசரப்பட்டான் என்றார் கோஆர்டினேட்டர். அவரவர் பாடப்படி இரண்டு பேர் சொன்னதும் சரி. “நான் யார் சொல்றதைக் கேட்கணும், கோச்?” என்று அந்தப் பையன் கேட்டான். பதில் சொல்ல வேண்டிய ஹெட் கோச், “நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க” என்று எழுந்து போய்விட்டார். சீசன் முடிந்ததும் கோஆர்டினேட்டர் வீட்டுக்கு. லைன் கோச் அப்படியே இருந்தார். அடுத்து வந்தவருக்கும் அதே அறை, அதே சண்டை.

ஆகவே வேலை பேசும்போதே கேளுங்கள்: யாரை உடன் அழைத்து வருவீர்கள்? குறைந்தது லைன் கோச்சாவது அவர் ஆளாக, அல்லது அவரோடு ஏற்கெனவே வேலை பார்த்தவராக இருக்கட்டும். அதற்குப் பணம் இல்லையென்றால், இருக்கிற உதவியாளர்களுக்குப் பழகிய முறையை ஆடுபவரைத் தேடுங்கள். 2008இல் உதவிப் பயிற்சியாளர்கள் 9 பேர்தான் என்ற வரம்பு இருந்தது, இடமில்லை என்று சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். 2024இல் களத்தில் யார் சொல்லித்தரலாம் என்ற கட்டுப்பாட்டையே தளர்த்திவிட்டார்கள். இன்று அந்தச் சாக்கு செல்லாது.

கூட்டமாக வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெஸ்டர்ன் கென்டக்கி இருக்கிறது. 2020இல் 5-7. மறு ஆண்டு ஹூஸ்டன் பாப்டிஸ்டிலிருந்து கோஆர்டினேட்டர் ஸாக் கிட்லி வந்தார். அவருடைய குவார்ட்டர்பேக் பெய்லி ஸாப்பியும் சில ரிசீவர்களும் கூடவே வந்தார்கள். ஸாப்பி 62 டச்டவுன் வீசி பர்ரோவின் சாதனையைத் தாண்டினார். அணி 9-5.

சொந்தப் பிள்ளை

அயோவாவில் ஹெட் கோச் கர்க் ஃபெரென்ட்ஸ், 2023 வரை கோஆர்டினேட்டராக இருந்தவர் அவர் மகன் பிரையன். தாக்குதல் படுத்துவிட்டதும் 2023இல் மகனின் சம்பளத்தை 8,50,000 டாலராகக் குறைத்து, ஆட்டத்துக்கு 25 புள்ளி என்று இலக்கும் எழுதினார்கள். தற்காப்பு அணி எடுக்கும் புள்ளியும் அதில் சேரும் என்பதுதான் வேடிக்கை. அப்படியும் எட்டவில்லை. சீசன் பாதியிலேயே, அடுத்த ஆண்டு அவர் இல்லை என்று அறிவிப்பு வந்தது.

பிளே அழைப்பது யார்?

வேலை கொடுக்கும் முன் பேசுங்கள். அக்டோபரில் பேசினால் அது சண்டை.

பலகை நேர்காணல்

மார்க்கரைக் கையில் கொடுத்தால் எல்லோரும் மேதைதான். அவர் மோசமாகத் தோற்ற ஆட்டத்தின் வீடியோவை நீங்களே எடுத்துப் போடுங்கள். அப்புறம் உங்கள் லைன் கோச்சுக்கு ஒரு பிளேயைச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் பையன்களை மறப்பது

மறுபடியும் ஆபர்ன்தான். அங்கே கோஆர்டினேட்டராக இருந்த கஸ் மல்சானின் ஸ்ப்ரெட்டுக்காகச் சேர்த்த வீரர்களை, அவர் போன பிறகு 2012இல் ஸ்காட் லோஃப்லரின் பழைய பாணி முறைக்குள் திணித்தார்கள். 3-9. மல்சான் ஹெட் கோச்சாகத் திரும்பிய 2013இல், ஒரு புதிய குவார்ட்டர்பேக்கோடும் பெரும்பாலும் அதே பையன்களோடும் 12-2.

இன்று இது இன்னும் அவசரமான விஷயம். ஜனவரியில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) திறந்ததும் பிடிக்காத பையன் கிளம்பிவிடுவான். கோஆர்டினேட்டரிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் உங்கள் குவார்ட்டர்பேக்கைக் கூப்பிட்டு, யாரை எடுக்கப் போகிறீர்கள், என்ன ஆடப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவன் போகிறேன் என்றால், வரப்போகிற கோஆர்டினேட்டரிடம் அடுத்த கேள்வி: உங்கள் குவார்ட்டர்பேக் வருவானா?